ஹட் பே கடலில் ஆள் ஏற்றிய கலங்கள்

அந்தமான் தீவுத்தொகுதியின் தென்கோடியில் உள்ள லிட்டில் அந்தமான் தீவுக்குத் துறைமுகமாகவும் நிர்வாகத் தலைமையிடமாகவும் விளங்கும் ஊர் ஹட் பே. 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அரசு அழைக்கும் போர்ட் பிளேரிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தெற்கே கடல்வழி வந்து இவ்வூரை அடைய வேண்டும். இதற்கும் தெற்கே, வடக்கு அட்சரேகை பத்தை ஒட்டிக் கிடப்பதால் பத்து டிகிரி கால்வாய் என்று பெயர் பெற்ற, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுள்ள தீவற்ற கடற்பரப்பைக் கடந்தால்தான் நிக்கோபாரின் முதல் தீவான கார் நிக்கோபார் வரும். வங்கக் கடலையும் அந்தமான் கடலையும் இணைக்கும் பெரும் வாயில்களுள் ஒன்று இக்கால்வாய். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால், தாய்லாந்தின் மேற்குக் கரையோரம் இயந்திரமிழந்த எந்தக் கலமும் காற்றும் நீரோட்டமும் தள்ளும் போக்கில் மேற்கே ஒதுங்கி, இத்தீவையோ நிக்கோபாரையோ சுமத்ராவின் அச்சே முனையையோ சேரும். எதையும் சேராமல் வங்கக் கடலுக்குள் போய்விடுவதும் உண்டு. ஹட் பேயின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதன் காடு, ஓங்கே பழங்குடி, குடியேற்றத் திட்டம் ஆகியவற்றையே எழுதியுள்ளனர். கடனும் காகிதமும் இக்கடலில் மனிதர்களை எவ்வாறு நகர்த்தின, எவரைக் கரையேற்றின, எவரைத் தடுத்தன என்பது அவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய வரலாறாகும்.

ஆட்களைப் பிடித்து விற்பது இக்கடலுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தமானியருக்குப் பொறுப்பான அதிகாரியாக இருந்த எம்.வி. போர்ட்மன், 1899இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில், பறவைக்கூடும் கடலட்டையும் சேகரிக்க வந்த மலாய்க் கலத்தார் தீவுமக்களைப் பிடித்துச் சென்று சயாம் முதலிய இடங்களில் அடிமைகளாக விற்று வந்ததைக் குறிப்பிடுகிறார். கரையிறங்கும் அயலாரை அம்பெய்து விரட்டுவது அந்தமானியரின் பிறவிக் குணம் என்று மாலுமிகள் நெடுங்காலம் எழுதி வந்தனர். ஆள்பிடிப்போரிடம் பல தலைமுறைகள் பட்ட பாட்டுக்கும் அந்தப் பகையில் பங்கு இருந்திருக்க வேண்டும் என்பதே பொருந்தும் விளக்கமாகத் தோன்றுகிறது. 1867இல் ‘அசாம் வேலி’ என்ற கப்பலிலிருந்து லிட்டில் அந்தமானில் இறங்கிய மாலுமிகள் திரும்பாமல் போகவே, அவர்களைத் தேடி ஆங்கிலேயப் படை அனுப்பப்பட்டது. அலை கொந்தளித்த கரையில் சிக்கிய படையினரைச் சிறு படகில் சென்று மீட்டதற்காக, அவ்வாண்டு மே 7ஆம் நாள் நிகழ்ச்சியின் பேரில், 24ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஐவர் விக்டோரியா சிலுவை பெற்றனர். அவ்வைவரின் பெயர்களும் பிரிட்டனின் வீரப்பட்டியலில் பத்திரமாக உள்ளன. அன்று கரையில் சுடப்பட்ட ஓங்கேயர் பெயரின்றியே போயினர். 1901 கணக்கெடுப்பில் 672 என்று மதிப்பிடப்பட்ட ஓங்கேயர் தொகை 1951இல் 150 ஆகவும், 2001இல் 96 ஆகவும் சுருங்கியது.

விடுதலைக்குப் பின் 1956இல் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டே லிட்டில் அந்தமான் பழங்குடிக் காப்பகமாக, அதாவது வெளியார் நுழையவும் நிலம் கொள்ளவும் தடையுள்ள பகுதியாக, அறிவிக்கப்பட்டது. பத்தாண்டு கழிவதற்குள், 1965இல், மறுவாழ்வு அமைச்சகத்தின் துறையிடைக் குழு தீவுகளின் விரைவு வளர்ச்சிக்கென ஓர் அறிக்கை அளித்தது. இத்தீவின் காட்டில் ஏறக்குறைய 40 விழுக்காட்டை அடியோடு வெட்டி, கிழக்குப் பாகிஸ்தான் ஏதிலியரும் பிறருமாக 12,000 குடும்பங்களைக் குடியேற்றி, தென்னை, பாக்கு, எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் இடலாம் என்பது அதன் பரிந்துரை. ஒரு தீவை அதன் மக்களுக்கென ஒதுக்கிய அரசே அதே தீவை வேறு மக்களுக்கென அளந்தது விந்தைதான். ஆயினும் ஏதிலியருக்கு நிலம் தேட வேண்டிய நெருக்கடி அன்று மெய்யானதாகவே இருந்தது. 1972இலும் 1977இலும் காப்பகத்தின் பகுதிகள் விடுவிக்கப்பட்டன. ஹட் பேயிலிருந்து வடக்கே செல்லும் சாலையில் நேதாஜி நகர், ரவீந்திர நகர், ராமகிருஷ்ணபுரம், விவேகானந்தபுரம் என வங்கத்துப் பெரியோர் பெயர் தாங்கிய குடியிருப்புகள் எழுந்தன. கார் நிக்கோபாரில் இடம் போதாமல் வந்த நிக்கோபாரியர் ஹர்மிந்தர் பேயில் அமர்ந்தனர். ராஞ்சிப் பகுதியிலிருந்து 1918 முதல் காட்டு வேலைக்கெனத் தீவுகளுக்கு அழைத்து வரப்பட்ட பழங்குடித் தொழிலாளர் மரபினரும், கட்டுமானத்துக்கும் கடைத்தெருவுக்கும் வந்த தமிழரும் தெலுங்கரும் சேர, ஊர் பல மொழி பேசி, பொதுவில் அந்தமான் இந்தியில் புழங்கலாயிற்று. திட்டமிட்ட 12,000 குடும்பங்களில் ஒரு சிறு பங்கே வந்தது என்றாலும், 2011 கணக்கெடுப்பின்போது தீவின் மக்கள்தொகை 18,000ஐக் கடந்திருந்தது.

ஆக, ஹட் பே இன்றுள்ள வடிவில் ஏதிலியருக்காக அரசு எழுப்பிய ஊர். வந்தவர்களிடம் ஏதிலி என்று சான்றளிக்கும் தாளும், கப்பல் ஏறுவதற்கான ஆணையும், இறங்கியதும் நிலத்துக்கான பட்டியலில் ஒரு பெயரும் இருந்தன.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் நினைவில் கொள்ள வேண்டிய முன்வரலாறு ஒன்று உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி, தன் ஊருக்கே திரும்பிச் சென்று, முன்பணம் கொடுத்து, உறவினரையும் ஊராரையும் திரட்டி அழைத்துப் போவான். வழிச்செலவும் உணவும் அம்முன்பணத்தோடு சேர்ந்து தொழிலாளியின் கடனாக ஏறும். தோட்டம் மாற விரும்பும் குழுவுக்குத் துரை ‘துண்டு’ என்னும் சீட்டை எழுதித் தருவார்; இன்ன தொகை கட்டினால் இக்குழுவை விடுவிப்பேன் என்பது அதன் பொருள். புதிய தோட்டக்காரர் அத்தொகையைக் கட்டியதும் கடனோடு ஆட்களும் கைமாறினர். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இம்முறை நடந்தது. அத்தொழிலாளரின் வழிவந்தோரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் செய்தனர். அவ்வாறு தாயகம் திரும்பியோரில் சில குடும்பங்கள், பத்து டிகிரி கால்வாய்க்குத் தெற்கே நிக்கோபாரின் கச்சால் தீவில் அரசு தொடங்கிய ரப்பர்த் தோட்டத்தில் அமர்த்தப்பட்டன. மலையகத்தில் பிறந்தவர்கள், கேட்டுப் பெறாத ஊர் ஒன்றில், மீண்டும் தோட்டத் தொழிலாளராயினர். இதை எவரும் ஆட்கடத்தல் என்று சொல்லார், சொல்லவும் கூடாது. கடனைக் கையாளும் உத்தியும், மனிதரைத் தொகையாகக் கணக்கிடும் பழக்கமும் பிற்காலப் படகுத் தரகர்கள் கண்டுபிடித்தவை அல்ல என்பதற்காகவே இது இங்கே குறிக்கப்படுகிறது.

ஐக்கிய நாடுகள் அவை 2000ஆம் ஆண்டில் ஏற்ற பாலர்மோ நெறிமுறைகள் இரண்டு குற்றங்களைப் பிரித்துக் காட்டுகின்றன. ஒருவர் விரும்பிக் கட்டணம் செலுத்தி, சட்டத்துக்குப் புறம்பாக எல்லை தாண்ட மற்றொருவர் உதவுவது ஆள் கள்ளக்கடத்தல். வன்முறையாலோ ஏமாற்றாலோ ஒருவரைத் தம் பிடியில் வைத்துச் சுரண்டுவது ஆட்கடத்தல். முன்னதில் பாதிக்கப்படுவது நாட்டின் எல்லை, பின்னதில் மனிதர் என்பது சட்ட அறிஞர் விளக்கம். அந்தமான் கடலில் இப்பிரிவு நிலைப்பதில்லை. கரையில் பேரம் பேசி ஏறியவர், நடுக்கடலில் வேறொரு கலத்துக்கு மாற்றப்பட்டு, காட்டு முகாமில் அடைக்கப்பட்டு, மீட்புப் பணம் வரும்வரை அடிக்கப்படும்போது, எந்த நாழிகையில் முதற்குற்றம் முடிந்து இரண்டாம் குற்றம் தொடங்கியது என்று சொல்வது அரிது. தொலைக்காட்சித் தொடர்கள் இத்தகைய கதையை ஒரு கொடிய கும்பல் தலைவனையும் ஒரு நேர்மையான காவலரையும் வைத்துச் சொல்லிவிடுகின்றன. அவ்வடிவம் பார்ப்போரைக் கட்டிப்போடும், ஆனால் துறைகளும் ஆணைகளும் செய்தவற்றைக் காட்ட அதில் இடம் குறைவு.

மியான்மாரின் அரக்கான் பகுதி முஸ்லிம்களான ரோஹிங்கியரை 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1978இலும் 1991-92இலும் லட்சக்கணக்கானோர் வங்கதேசத்துக்குள் ஓடினர். அங்கும் முகாமுக்கு வெளியே வேலை செய்யவோ கடவுச்சீட்டுப் பெறவோ வழியில்லை. மலேசியாவில் கட்டுமானத்திலும் தோட்டத்திலும் கூலி கிடைக்கும் என்ற செய்தி பரவ, 2006ஐ ஒட்டி டெக்னாஃப், காக்ஸ் பஜார் கரைகளிலிருந்து மீன்பிடிப் படகுகளில் தென் தாய்லாந்துக்குப் போகும் வழி வலுப்பெற்றது. மழை ஓய்ந்து கடல் அடங்கும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் இதற்குப் பருவம். ‘தலால்’ என்று அம்மக்கள் அழைக்கும் தரகர், கட்டணத்தில் ஒரு பங்கைக் கரையிலேயே வாங்கிக்கொண்டு, மீதியை மலேசியாவில் உள்ள உறவினர் கட்டுவார் என்ற பேச்சில் ஏற்றிவிடுவார். தாய்லாந்துக் கரையில் காத்திருக்கும் மற்றொரு தரகர், தலைக்கு இவ்வளவு என்று படகோட்டியிடம் ஆட்களை விலைக்கு வாங்குவதும் உண்டு. வாங்கிய விலையும் இலாபமும் உறவினரிடமிருந்து வந்தாக வேண்டும். வராவிட்டால் மீன்பிடிக் கப்பலுக்கோ தோட்டத்துக்கோ அவ்வாள் விற்கப்படுவான். துண்டுச் சீட்டு இல்லை என்பதொழிய, கணக்கு அதே கணக்குதான்.

2008இன் இறுதியில் தாய்லாந்து இராணுவத்தின் உள்நாட்டுப் பாதுகாப்புப் பிரிவு இப்படகுகளைத் தடுக்கப் புதிய வழியொன்றைக் கையாண்டது. பிடிபட்டோர் ரனோங் மாகாணத்துக்கு அருகில் உள்ள சாய் தேங் என்னும் தீவில் காவலில் வைக்கப்பட்டு, இயந்திரமற்ற கலங்களில் ஏற்றப்பட்டு, சிறிதளவு அரிசியும் தண்ணீரும் கொடுக்கப்பட்டு, நடுக்கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டுக் கயிறு அறுத்துவிடப்பட்டனர் என்று தப்பியோர் கூறினர். அவ்வாறு விடப்பட்ட ஒரு தட்டைக் கலத்தில் 412 பேர் இருந்தனர். ரனோங்கிலிருந்து லிட்டில் அந்தமானுக்கு நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்கு மேல். காற்றின் போக்கில் மிதந்தே அத்தொலைவை அவர்கள் கடந்தனர். உணவும் நீரும் தீர்ந்த நிலையில், இரவில் தொலைவே கலங்கரை விளக்கின் ஒளியைக் கண்டதும் கரை அருகில் உள்ளதென்று நம்பி ஏறத்தாழ 300 பேர் கடலில் குதித்தனர் என்பதும், அவர்கள் பின்னர் காணப்படவில்லை என்பதும் தப்பியோர் அளித்த சாட்சியம். டிசம்பர் 27ஆம் நாளை ஒட்டி இந்தியக் கடலோரக் காவல்படை லிட்டில் அந்தமானுக்கு அருகே நூற்றுக்குச் சற்று மேற்பட்டோரை உயிருடன் மீட்டது.

இரவுக்கடலில் விளக்கொளியின் தொலைவைக் கண்ணால் அளக்க முடியாது. கலங்கரை விளக்கு இருபது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கப்பலுக்குத் தெரியவேண்டியது என்பதே அதன் அமைப்பின் நோக்கமாதலால், அதைக் கண்டு நீந்தத் தொடங்கியவரின் கணக்கு தொடக்கத்திலேயே பிழைத்துவிடுகிறது. லிட்டில் அந்தமான் கரையைச் சுற்றிய பவளத்திட்டுகளில் உடையும் அலையும், பல நாள் பட்டினி கிடந்த உடலும் அக்கணக்கில் சேர்வன. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தோர் பலர் அக்கூட்டத்தில் இருந்திருக்கக்கூடும். கலத்தில் தங்கியிருப்பதைவிட நீந்துவதே மேல் என்று அவர்களுக்குத் தோன்றுமளவுக்குக் கலத்தின் நிலை இருந்தது என்று மட்டும் கொள்ளலாம்.

2009 ஜனவரியில் ஹாங்காங்கின் ‘சவுத் சைனா மார்னிங் போஸ்ட்’ நாளிதழ் இச்செய்தியை விரிவாக வெளியிட்டது. அதே மாதம் 7ஆம் நாள் அச்சேயின் சபாங் தீவருகே 193 பேரும், பிப்ரவரி தொடக்கத்தில் கிழக்கு அச்சேயின் இடி ரயூக் அருகே ஏறக்குறைய 200 பேரும் இதே வகைக் கலங்களில் கண்டெடுக்கப்பட்டனர். முதலில் மறுத்த தாய்லாந்துப் பிரதமர் அபிசித் வெச்சாசீவா, பிப்ரவரியில் சி.என்.என். பேட்டியில் அத்தகைய சில நிகழ்வுகள் நடந்திருக்கக் காண்பதாக ஒப்புக்கொண்டார். மீட்கப்பட்டோரை இந்தியா அந்தமானில் காவலில் வைத்துக் கவனித்தது. 1951ஆம் ஆண்டு ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஏதிலிக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. அன்று நடைமுறையில் இருந்த 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின்படி அவர்கள் உரிய ஆவணமின்றி வந்த அயலார் மட்டுமே. வங்கத்து ஏதிலியருக்கென்றே சாலையும் சிற்றூர்களும் அமைத்த ஒரு தீவின் அருகே, அதே வங்கக் கரையிலிருந்து புறப்பட்டு வந்தவர்களுக்குப் பொருத்தமான ஒரு சொல்கூட நிர்வாகத்தின் ஏட்டில் இருக்கவில்லை.

அந்த டிசம்பரிலேயே, கலம் காணப்படுவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பு, ஹட் பேக்கு வடக்கே டுகாங் கிரீக் குடியிருப்பில், கரையொதுங்கிய கொள்கலத்தில் இருந்த திரவத்தை மது என்று எண்ணிக் குடித்த ஓங்கேயர் எண்மர் மாண்டனர். நூறு பேருக்கு உட்பட்ட ஓர் இனத்துக்கு அது பெரும் இழப்பு. இரு நிகழ்வுகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. அகன்ற கடலில் எவரோ கைவிட்டவை எங்கே வந்து சேர்கின்றன என்பதை மட்டும் இரண்டும் காட்டுகின்றன.

சாய் தேங் தீவு நடவடிக்கையின்போது ரனோங்கில் பாதுகாப்புப் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் கர்னல் மனாஸ் கோங்பேன். பிடிபட்டோரைக் கொடுமைப்படுத்தியதாக எழுந்த குற்றச்சாட்டை அவர் அன்று மறுத்தார். பின்னர் லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்த அவர் பெயர் 2015இல் மீண்டும் வெளிவந்தது. அவ்வாண்டு மே மாதம் மலேசிய எல்லையோரம் பாதாங் பெசார் காட்டில் கைவிடப்பட்ட முகாமும் புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன; அம்மாத இறுதியில் எல்லைக்கு அப்பால் வாங் கெலியான் பகுதியில் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் இருப்பதாக மலேசியக் காவல்துறை அறிவித்தது. தரகர்கள் கரைக்கு வர அஞ்சி ஓட, பல்லாயிரவர் அந்தமான் கடலில் படகுகளில் விடப்பட்டனர். அவர்களைத் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பின. விசாரணையை நடத்திய காவல் அதிகாரி பவீன் பொங்சிரின் உயிருக்கு அஞ்சி அதே ஆண்டு ஆஸ்திரேலியாவுக்குச் சென்று தஞ்சம் கோரினார். 2017 ஜூலை 19ஆம் நாள் பாங்காக் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 103 பேரில் 62 பேரைத் தண்டித்தது. மனாஸ் கோங்பேனுக்கு 27 ஆண்டுச் சிறை. 2021இல் அவர் சிறைவாசத்தின்போதே இறந்தார். எல்லை முகாம்கள் பற்றிய அவ்வழக்கில் 2008 டிசம்பரில் கயிறு அறுத்துவிடப்பட்ட கலம் ஒரு குற்றமாக இடம்பெறவில்லை. லிட்டில் அந்தமான் அருகே மாண்ட ஏறத்தாழ 300 பேருக்காக எந்த நாட்டிலும் எவரும் கூண்டில் ஏற்றப்படவில்லை. ஆட்களைத் தடுக்கும் அதிகாரமும் விற்கும் வணிகமும் ஒரே கையில் அமையக்கூடும் என்பதைத் தீர்ப்பு காட்டியதாயினும், தடுப்பதையே குற்றமாகப் பார்க்க அது முன்வரவில்லை.

இதை அயலார் துயரம் என்று தமிழர் ஒதுக்கிவிட இயலாது. 2016 ஜூனில் தமிழ்நாட்டிலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்ட 44 இலங்கைத் தமிழர், படகு பழுதாகி அச்சேயின் லோக்ங்கா கரையை அடைந்தபோது, ஒரு வாரம்போலப் படகிலேயே தடுத்து வைக்கப்பட்டனர். பெண்கள் கரையில் குதித்தபோது எச்சரிக்கையாக வானை நோக்கிச் சுடப்பட்டது. 2019 ஜனவரியில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து, பெரும்பாலும் தமிழரான 200க்கும் மேற்பட்டோருடன் நியூசிலாந்தை நோக்கிப் புறப்பட்டதாகக் கருதப்படும் படகு எங்கும் வந்து சேரவில்லை. 2022 டிசம்பரிலும் 2024 டிசம்பரிலும், திசைமாறிய ரோஹிங்கியர் படகுகள் முறையே இலங்கையின் வெற்றிலைக்கேணிக் கடலிலும் முள்ளிவாய்க்கால் கரையோரத்திலும் காணப்பட்டபோது ஒவ்வொன்றிலும் 100க்கும் மேற்பட்டோர் இருந்தனர். முள்ளிவாய்க்காலில் அவர்களை முதலில் கண்டு உணவு கொடுத்தவர்கள் அவ்வூர் மீனவர்கள்.

இந்திய நிர்வாகத்தின் நடைமுறையும் 2008க்குப் பின் மாறியது. 2021 பிப்ரவரி 11ஆம் நாள் காக்ஸ் பஜாரிலிருந்து 90 பேருடன் புறப்பட்ட படகு இயந்திரம் பழுதாகி அந்தமான் கடலில் அலைந்தபோது, கடலோரக் காவல்படை அதைக் கண்டு உணவும் மருந்தும் கொடுத்தது. எண்மர் அதற்குள் மாண்டிருந்தனர்; ஒருவரைக் காணவில்லை. உயிருடன் இருந்த 81 பேரை வங்கதேசம் திரும்ப ஏற்க மறுத்தது; இந்தியாவும் கரையிறக்கவில்லை. பழுதுபார்க்கப்பட்ட அப்படகு ஜூன் 4ஆம் நாள் கிழக்கு அச்சேயின் இடாமன் தீவைச் சேர்ந்தது. 2025 மே மாதம் அதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு எழுந்தது: டெல்லியில் பிடிக்கப்பட்ட ஏறக்குறைய 40 ரோஹிங்கியர் விமானத்தில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவரப்பட்டு, கடற்படைக் கப்பலில் ஏற்றப்பட்டு, மியான்மாரின் தனிந்தாரி கரையருகே உயிர்காப்பு உடையுடன் கடலில் இறக்கிவிடப்பட்டனர் என்பது உறவினர் கூற்று. ஐ.நா.வின் மியான்மார் சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் அதுபற்றி விசாரணை தொடங்கினார். மே 16ஆம் நாள் இது தொடர்பான மனுவைக் கேட்ட இந்திய உச்ச நீதிமன்றம், கூற்றுக்கு ஆதாரம் எங்கே என்று வினவி, அழகாகப் புனைந்த கதை என்றும் குறிப்பிட்டு, இடைக்கால ஆணை எதுவும் பிறப்பிக்காமல், ரோஹிங்கியர் தொடர்பான மற்ற மனுக்களுடன் சேர்த்து மூவர் அமர்வின் முன் வைக்கச் சொன்னது.